கணையத்தில் பாதி இறந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்கிறார்கள். இந்தக் காத்திருப்பு சரிதானா?

இளையவள் | இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 44. பித்தப்பைக் கல்லால் வந்த கணைய அழற்சி என்று சேர்த்து இன்று ஆறாவது நாள். ஐசியூவில் இருக்கிறார். ஆக்ஸிஜன் போகிறது. சிறுநீர் குறைந்துபோனதால் இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். நேற்று எடுத்த சி.டி. ஸ்கேனில் கணையத்தில் பாதிக்கு மேல் ரத்த ஓட்டம் இல்லை, அந்தத் திசு இறந்துவிட்டது என்று வந்திருக்கிறது. காய்ச்சல் 38.5 வரை ஏறி இறங்குகிறது.

"அப்போ அதை எடுத்துடுவீங்களா டாக்டர்?" என்று அண்ணி கேட்டாங்க. "இப்போ தொடமாட்டோம், இன்னும் மூணு வாரமாவது தள்ளிப்போடப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே ஒரு உறுப்பு செத்துக் கிடக்கிறது, அதை மூன்று வாரம் அப்படியே விடுவார்களா? சொந்தக்காரர்கள் எல்லோரும் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்று, உடனே திறந்து பார்க்கச் சொல் என்கிறார்கள். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்க்கேள்வி

சகோதரி, மனசைத் தளரவிடாதீர்கள். ஆனால் நான் உங்கள் சொந்தக்காரர்கள் பக்கம்தான் பேசுவேன். என் மாமாவுக்கு இதே நோய். நான்காம் நாள் வயிற்றைத் திறந்தார்கள், பிழைத்து இன்றும் நடமாடுகிறார். சர்க்கரை நோயாளிக்குக் காலில் விரல் அழுகினால் "மூணு வாரம் கழித்துப் பார்ப்போம்" என்றா சொல்கிறார்கள்? விஷம் மேலே ஏறுமுன் வெட்டுகிறார்கள். கணையத்துக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? காத்திரு என்பது பல நேரம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சொல். இரண்டாவது கருத்து கேளுங்கள்.

ஓய்வு மருத்துவர்

அம்மா, நான் வயிற்று அறுவை சிகிச்சையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். உங்கள் அண்ணனை நான் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இதுதான் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் "ஏன் உடனே திறப்பதில்லை" என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் நான் உடனே திறந்தவன்.

1980களில் நான் பயிற்சியில் இருந்தபோது நேர்க்கேள்வி சொல்வதைத்தான் எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். செத்த திசு விஷம், விஷத்தை வெளியேற்று. மூன்றாம் நாள், நான்காம் நாள் நோயாளியைத் தியேட்டருக்குக் கொண்டுபோவோம். திறந்தால் என்ன இருக்கும் தெரியுமா? வீங்கிப்போன, ஈரமான, கருஞ்சிவப்பான ஒரு பரப்பு. எது செத்தது, எது உயிரோடு இருப்பது என்று கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். செத்ததைப் பிடித்து இழுத்தால் உயிருள்ளதும் கிழிந்து வரும். அதற்குப் பின்னால்தான் மண்ணீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள், குடலுக்குப் போகும் பெரிய நாளங்கள். ரத்தம் கொட்டும். துணி வைத்து அழுத்தி அடைத்துவிட்டு வருவோம். இரண்டு நாள் கழித்து மறுபடி திறந்து துணியை எடுப்போம், மறுபடி கொட்டும். ஏற்கெனவே நுரையீரலும் சிறுநீரகமும் தள்ளாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைச் செய்தோம். நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். அந்த முகங்கள் சில எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

ஒரு புண்ணின் மேல் பக்கு கட்டுகிறது. காயுமுன் பிய்த்தால் ரத்தம் வரும், புண் பெரிதாகும். காய்ந்தபின் ஓரத்தில் தானே தூக்கிக்கொண்டு நிற்கும், லேசாகத் தொட்டால் விழும். கணையத்திலும் அதுதான் நடக்கிறது. நான்கு வாரம் அளவில் உடம்பே அந்தச் செத்த பகுதியைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிவிடும். உள்ளே இருப்பது பாதி கரைந்து குழம்பு போல ஆகிவிடும். அப்போது போனால் எல்லை தெரியும், ரத்தம் குறைவு, பல நேரம் கத்தியே தேவைப்படாது. கணைய அழற்சியை வகை பிரித்துப் பெயரிட மருத்துவர்கள் பயன்படுத்தும் அட்லாண்டா வகைப்பாட்டை 2012இல் திருத்தியபோது நான்கு வாரத்துக்கு முன் இருப்பதற்கு ஒரு பெயரும், சுவர் கட்டியபின் இருப்பதற்கு வேறு பெயரும் கொடுத்தது இதனால்தான். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு.

கால் விரலைப் பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி. காலில் அழுகலோடு கிருமியும் பரவும்போதுதான் அவசரமாக வெட்டுகிறோம். கிருமி இல்லாமல் காய்ந்து கறுத்துப்போன விரலைப் பல நேரம் எல்லை பிரியும் வரை விட்டுவைக்கிறோம். அங்கேயும் காத்திருப்பு உண்டு. தவிர, காலில் எல்லைக்கு மேலே நல்ல சதையில் வெட்டலாம். கணையத்துக்கு மேலே போக இடம் எங்கே இருக்கிறது?

இளையவள்

ஐயா, மிக்க நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. அந்த விஷத்தால்தானே அண்ணனுக்குச் சிறுநீரகம் நின்றது? அதை எடுத்தால் சிறுநீரகம் திரும்பாதா?

ஓய்வு மருத்துவர்

இல்லை அம்மா, இந்த இடத்தில்தான் நாங்களும் தவறினோம். இந்த நோய்க்கு இரண்டு கட்டம். முதல் ஒன்றிரண்டு வாரத்தில் உறுப்புகள் தடுமாறுவது கிருமியாலும் அல்ல, அங்கே கிடக்கும் செத்த திசுவாலும் நேரடியாக அல்ல. கணையம் குடலுக்குள் விடவேண்டிய செரிமான நொதிகள் தன் உள்ளேயே விழித்துக்கொள்கின்றன. முதலில் டிரிப்சின், அது மற்றவற்றையும் எழுப்பிவிடும். கணையம் தன்னையே செரிக்கத் தொடங்குகிறது. அதைப் பார்த்து உடம்பு முழுக்க அழற்சி கொழுந்துவிட்டு எரிகிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, நீர் எல்லாம் குழாயை விட்டுத் திசுவுக்குள் போகிறது, சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் இல்லை. அந்தத் தீ பற்றியாகிவிட்டது. இப்போது தீக்குச்சியை எடுத்து வெளியே போட்டு என்ன பயன்? அதோடு பெரிய அறுவை என்பதே உடம்புக்கு இன்னொரு அடி. அழற்சியை மேலும் கிளப்பிவிடும்.

இரண்டாம் கட்டம் வேறு. குடலில் இருக்கும் கிருமிகள் செத்த திசுவுக்குள் குடியேறுவது. அது பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு. கத்தியைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் அதுதான்.

இன்னொன்று. ஆறாம் நாள் காய்ச்சல் இருப்பதால் மட்டும் கிருமி வந்துவிட்டது என்று ஆகாது. அழற்சியே காய்ச்சல் தரும், வெள்ளை அணுவையும் ஏற்றும்.

இரவுப்பணி

தங்கச்சி, நான் ஐசியூ செவிலி. மருத்துவ விவாதத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். "ஒன்றும் செய்யாமல் வைத்திருக்கிறார்கள்" என்று வெளியே நிற்கிற உங்களுக்குத் தோன்றும், அதற்காக எழுதுகிறேன்.

இந்த நோயாளி படுக்கைக்கு வந்தால் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. மணிக்கு மணி சிறுநீர் அளவு. எவ்வளவு நீர் ஏற்றினோம், எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கு. முன்பெல்லாம் நீரைக் கொட்டோ கொட்டென்று ஏற்றுவோம். இப்போது அப்படி இல்லை, அளவோடுதான். 2022இல் வந்த வாட்டர்ஃபால் ஆய்வில் தாராளமாக ஏற்றிய பக்கத்தில் 20 சதவீதம் பேருக்கு நீர் மிகுந்து மூச்சுத்திணறல் போன்ற தொல்லை வந்தது, அளவாக ஏற்றிய பக்கத்தில் 6 சதவீதம்தான் என்று எங்கள் டாக்டர்கள் வகுப்பெடுத்தார்கள். சிறுநீர்க் குழாய் வழியாகவே வயிற்றுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளப்போம். அது 20ஐத் தாண்டினால் இரவு மூன்று மணி ஆனாலும் பெரிய டாக்டரை எழுப்புவோம். சர்க்கரை பார்ப்போம், கால்சியம் பார்ப்போம் (கொழுப்பு செத்துச் சோப்பு மாதிரி ஆகும்போது கால்சியத்தை இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் குறைந்துவிடும்). மூக்கு வழியாகக் குழாய் போட்டு மெல்ல மெல்ல உணவு கொடுப்போம். குடலைப் பட்டினி போட்டால் அதன் சுவர் பலவீனமாகி அங்கிருந்து கிருமி கிளம்பும் என்பதால் சிரை வழி உணவைவிட இதுதான் நல்லது.

அண்ணனுக்கு மூக்குக் குழாயில் உணவு தொடங்கியாச்சா என்று கேளுங்கள். வயிற்று அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் உடனே பதில் வந்தால் கவனமாகத்தான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

நேர்க்கேள்வி

டாக்டர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒருவர் அனுபவம் என்பது அவர் பார்த்த நோயாளிகள்தான். என் மாமாவும் ஒரு அனுபவம். யாராவது பொறுமையாக இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா?

எண்பார்வை

பார்த்திருக்கிறார்கள். நான் குடல் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருக்கிறேன், இந்த ஆய்வுகளை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது.

நேரடியாக இந்தக் கேள்விக்காகவே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு மெக்சிகோவில் நடந்தது, 1997இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செத்த திசுவை எடுத்தார்கள். மறு குழுவுக்கு 12 நாளாவது கழித்து. சீக்கிரம் செய்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். தள்ளிச் செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். தொடர்ந்து நடத்துவது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். மொத்த நோயாளிகள் நாற்பது பேரைச் சுற்றித்தான், அதனால் புள்ளியியல் கணக்கில் அது உறுதியாக நிற்காது. ஆனால் அதே ஆய்வை மறுபடி செய்ய யாருக்கும் துணிவு வரவில்லை.

பிறகு 2007இல் டச்சு ஆய்வு. அறுவை நடந்த 53 பேரை நாள் வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் 14 நாளில் அறுவை நடந்தவர்களில் 75 சதவீதம் இறப்பு. 15 முதல் 29 நாள் வரை 45 சதவீதம். 30 நாள் கழித்து 8 சதவீதம்.

ஆனால் நேர்க்கேள்வியின் சந்தேகத்தை நான் ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் இந்த எண்களைப் பார்த்ததும் எனக்கும் அது வந்தது. முதல் இரண்டு வாரத்தில் தியேட்டருக்குப் போனவர் யார்? வேறு வழியே இல்லாமல் போனவர், குடல் ஓட்டையானவர், ரத்தம் கொட்டியவர். 30 நாள் கழித்துப் போனவர் யார்? 30 நாள் உயிரோடு இருந்தவர். இடையில் இறந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆகவே 75க்கும் 8க்கும் நடுவில் இருக்கும் அகலம் முழுவதும் அறுவையின் நாளால் வந்தது என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஒரு பகுதி நோயாளியின் நிலையால் வந்தது.

அப்படியானால் எதை வைத்து நம்புவது? எனக்கு நம்பிக்கை தந்தது வேறு பக்கத்து ஆதாரம்: அறுவையே செய்யாமல் விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது. அறுவை இல்லாமல் சாவார்கள் என்றுதானே எல்லோரும் அவசரப்பட்டார்கள்? 1991இல் அமெரிக்காவில் பிராட்லி என்ற அறுவை மருத்துவர், கிருமி சேராத திசு இறப்பு உள்ள 11 பேரைத் திறக்காமல் கவனித்தார். 11 பேரும் பிழைத்தார்கள். 2000இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து ப்யூஹ்லர் குழு வெளியிட்டதில், கிருமி சேராதவர்களை அறுவை இல்லாமல் வைத்திருந்தபோது இறப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. கிருமி சேர்ந்தவர்களில் 24 சதவீதம். செத்த திசு இருப்பதே ஆளைக் கொல்லும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. 2002இல் பன்னாட்டுக் கணையவியல் சங்கம் முதல் 14 நாளில் அறுவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்று எழுதியே வைத்துவிட்டது.

ஓய்வு மருத்துவர்

எண்பார்வை எழுதியதோடு ஒரு வரலாற்றுத் துணுக்கு. 1889இல் பாஸ்டனில் இந்த நோயை முறையாக விவரித்தவர் ஃபிட்ஸ். ஆரம்ப நாட்களில் திறப்பது ஆபத்து என்று அவர் அப்போதே எச்சரித்தார். பிறகு 1925இல் இங்கிலாந்தின் மொய்னிஹான் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று எழுதினார், உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதியைப் பார்க்கும் சோதனை வந்தபின்தான், திறக்காமலேயே குணமாகும் கணைய அழற்சி எத்தனை என்பது தெரிந்தது. அதற்கு முன் திறந்து பார்த்தவர்களையும் பிணப் பரிசோதனையில் கண்டவர்களையும் வைத்துத்தான் நோயையே புரிந்துகொண்டிருந்தோம். மறுபடி 1970, 80களில் ஐசியூ வளர்ந்ததும் "இப்போது தாங்குவார்கள்" என்று திரும்பவும் கத்தி எடுத்தோம். ஊசலாடி ஊசலாடி இங்கே வந்திருக்கிறோம்.

மீண்டவன்

இளையவள் அக்கா, நான் இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் அண்ணன் இடத்தில் கிடந்தவன். எனக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகமாகி வந்தது. முதல் இரண்டு வாரம் எனக்கு நினைவே இல்லை. என் மனைவி சொல்லித்தான் தெரியும், அவளிடமும் இதே சொல்: பொறுங்கள். அவள் ஒரு டாக்டரிடம் சத்தம்கூடப் போட்டிருக்கிறாள்.

34ஆம் நாள் இடது விலாவுக்குக் கீழே பின்பக்கமாகக் குழாய் போட்டார்கள். பழுப்புக் கலரில் கட்டி கட்டியாக வந்தது. அந்த ஒரு குழாயோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அதே வழியில் கேமரா விட்டு இரண்டு முறை எடுத்தார்கள். மொத்தம் மூன்று மாதம் ஆஸ்பத்திரி. 22 கிலோ இறங்கினேன். முன்பக்கம் என் வயிற்றில் ஒரு தழும்புகூட இல்லை.

பிறகு வந்ததையும் சொல்லிவிடுகிறேன், யாரும் முன்னாலேயே சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம். சர்க்கரை வந்துவிட்டது, இன்சுலின் போடுகிறேன். சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை இல்லாவிட்டால் கொழுப்பு செரிக்காமல் அப்படியே போகிறது. உயிர் இருக்கிறது, வேலைக்குப் போகிறேன், பிள்ளையைத் தூக்குகிறேன்.

இளையவள்

தம்பி, நீங்கள் எழுதியதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். முதல் முறையாக அழுதுவிட்டுச் சாப்பிட்டாங்க.

இரவுப்பணி அக்கா, நீங்கள் சொன்ன இரண்டையும் கேட்டேன். மூக்குக் குழாயில் உணவு மூன்றாம் நாளே தொடங்கிவிட்டார்களாம். வயிற்று அழுத்தம் 14. வேறு இடம் மாற்றும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

இளையவள் | எட்டு நாள் கழித்து

மறுபடியும் பயத்தோடு வருகிறேன். இன்று 14ஆம் நாள். சிறுநீர் நன்றாகப் போகத் தொடங்கி டயாலிசிஸ் நின்றது, மகிழ்ச்சியாக இருந்தோம். முந்தாநாள் இரவிலிருந்து குளிர் காய்ச்சல், 39.4. இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கி மறுபடி சரியானது. சி.டி.யில் செத்த பகுதிக்குள் காற்றுக் குமிழ்கள் தெரிகின்றன என்கிறார்கள். கிருமி வந்துவிட்டது என்று ஆன்டிபயாடிக் தொடங்கியிருக்கிறார்கள். இப்போதும் திறக்க மாட்டார்களாம். ஐயா, கிருமி வந்தால் கத்தியைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

நேர்க்கேள்வி

இப்போது என்ன சொல்கிறீர்கள்? இது வெறும் செத்த திசு இல்லை. சீழ். சீழ் எங்கே இருந்தாலும் வெளியேற்று என்பது அறுவையின் அரிச்சுவடி இல்லையா?

எண்பார்வை

அரிச்சுவடிதான். பல வருடம் நாங்களும் அதையே நம்பினோம், கிருமி உறுதியானால் அன்றே குழாய் என்று. அதைச் சோதிக்கத்தான் நெதர்லாந்தில் பாயின்டர் ஆய்வு நடந்தது, 2021இல் வெளிவந்தது. கிருமி சேர்ந்த 104 பேர். பாதிப் பேருக்குக் கிருமி தெரிந்த 24 மணி நேரத்துக்குள் குழாய். மறுபாதிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துச் சுவர் கட்டும் வரை தள்ளிப்போட்டார்கள். நிலை மோசமானால் மட்டும் முன்னதாக.

சிக்கல்களின் மொத்த அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே: நூறுக்கு 57, 58. இறப்பு 13 சதவீதம், 10 சதவீதம். அதாவது அவசரப்பட்டதால் லாபம் இல்லை. தள்ளிப்போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடைசிவரை குழாயே தேவைப்படவில்லை, ஆன்டிபயாடிக்கிலேயே அடங்கிவிட்டது. உடனே போட்டவர்களுக்குச் சராசரியாக 4.4 முறை கைவைக்க வேண்டியிருந்தது, மற்றவர்களுக்கு 2.6.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வு ஒப்பிட்டது குழாயைக் குழாயோடு. வயிற்றைக் கிழிப்பதை அல்ல. அவ்வளவு சின்ன தலையீட்டையே அவசரப்படுத்தி லாபம் இல்லை என்றால், 14ஆம் நாளில் பெரிய அறுவைக்கு என்ன நியாயம் இருக்கும்?

ஓய்வு மருத்துவர்

அம்மா, நான் சொன்னது யோசிக்க வேண்டிய கட்டம் என்று. வெட்ட வேண்டிய நாள் என்று அல்ல. அந்த வேறுபாட்டை அன்றே விளக்கியிருக்க வேண்டும், என் குறை.

இப்போது அவர்கள் பார்ப்பது: ஆன்டிபயாடிக்குக்கு அண்ணன் எப்படிப் பதில் தருகிறார்? காய்ச்சல் இறங்கினால், ரத்த அழுத்தம் மருந்தில்லாமல் நின்றால், நாட்களைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு நாளும் சுவர் தடிக்கிறது, அது நமக்கு வரவு. மாறாக அழுத்தம் விழுந்தால், சிறுநீரகம் மறுபடி நின்றால் நான்கு வாரத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அப்போதும் முதல் படி குழாய்தான். ஸ்கேன் பார்த்துக்கொண்டே இடது பக்கம் பின்புறமாக, குடலைத் தொடாமல். பிறகு தேவையானால் அதே குழாய் வழியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் எடுப்பது.

படிப்படியாகப் போகும் இந்த முறையை நேரடியாகப் பெரிய அறுவையோடு ஒப்பிட்டது 2010இல் வந்த பேன்டர் ஆய்வு. 88 பேர். பெரிய சிக்கலோ இறப்போ வந்தவர்கள் பெரிய அறுவையில் 69 சதவீதம், படிப்படியாகப் போனதில் 40 சதவீதம். குழாயோடு மட்டும் முடிந்தவர்கள் 35 சதவீதம். இறப்பில் மட்டும் வேறுபாடு இல்லை, 16, 19 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பிழைத்தவர் எப்படிப் பிழைத்தார் என்பதில் பெரிய வேறுபாடு. பிறகு சர்க்கரை வந்தவர்கள் பெரிய அறுவையில் 38 சதவீதம், படிப்படியாகப் போனதில் 16. வயிற்றுச் சுவர் பிதுங்கியவர்கள் அதேபோல 24 சதவீதம், 7 சதவீதம். இதைப் படித்த அன்று இரவு நான் யாரையெல்லாம் நினைத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது.

நேர்க்கேள்வி

எண்களை இரண்டு முறை படித்தேன். என் பக்கம் பலவீனமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. அப்படியென்றால் என் மாமாவுக்கு நான்காம் நாள் செய்தது தவறா? அவர் பிழைத்தது வெறும் அதிர்ஷ்டமா? அம்மாவிடம் கேட்டேன், வயிறு கல் மாதிரி இறுகி மூச்சே விட முடியவில்லை என்று மட்டும் அவங்களுக்கு நினைவிருக்கிறது.

ஓய்வு மருத்துவர்

அந்தக் கடைசி வரிக்கு நன்றி. தவறு என்று நான் சொல்லமாட்டேன், அது சரியாகவே இருந்திருக்கலாம்.

ஆரம்ப நாட்களிலும் திறந்தே ஆகவேண்டிய நிலைகள் உண்டு. வீக்கத்தாலும் நீராலும் வயிற்றுக்குள் அழுத்தம் 20ஐத் தாண்டி நின்று, அதனாலேயே மூச்சும் சிறுநீரும் நிற்பது ஒன்று. முதலில் வயிற்றை வெறுமையாக்கி, நீரை வடித்து, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்துப் பார்ப்போம். எதுவும் பலிக்காவிட்டால் வயிற்றுச் சுவரைத் திறந்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். குடலுக்கு ரத்தம் போகாமல் அது செத்தாலோ ஓட்டையானாலோ திறக்க வேண்டும். ரத்தக் குழாய் உடைந்து, கதிரியக்கப் பிரிவினர் உள்ளிருந்து அடைக்க முயன்றும் நிற்காவிட்டால் திறக்க வேண்டும்.

இவற்றில் எதிலும் கணையத்தை நோண்டுவதற்காகத் திறப்பதில்லை. அழுத்தத்துக்காகத் திறந்தால் அழுத்தத்தை விடுவித்துவிட்டு, கணையத்தைத் தொடாமல் வெளியே வரவேண்டும். அங்கே போய் நின்றபின் கையைக் கட்டிக்கொண்டு திரும்புவது ஒரு அறுவை மருத்துவருக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மாமாவுக்குச் செய்தவர் அப்படித் திரும்பியிருந்தால் மிகத் தேர்ந்தவர்.

நேர்க்கேள்வி

மாமாவின் பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்தேன். "அழுத்தத்தைக் குறைக்க வயிறு திறக்கப்பட்டது" என்றுதான் இருக்கிறது. கணையத்திலிருந்து எதையும் எடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருடம் செத்ததை வெட்டி எடுத்ததால்தான் பிழைத்தார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இளையவள் சகோதரி, முதல் நாள் உங்களை மேலும் பதற வைத்ததற்கு மன்னியுங்கள்.

இளையவள்

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அண்ணா. நீங்கள் கேட்டதெல்லாம் நான் கேட்க நினைத்ததுதான்.

இளையவள் | மூன்று வாரம் கழித்து

இன்று 35ஆம் நாள். ஆன்டிபயாடிக்கில் முதலில் ஒரு வாரம் அடங்கியது. 23ஆம் நாள் மறுபடி காய்ச்சல், ரத்த அழுத்தத்துக்கு மருந்து தேவைப்பட்டது. அன்று மாலையே இடது பக்கம் குழாய் போட்டார்கள். மறுநாள் காலை அண்ணன் என்னைப் பார்த்து "நீ ஏன் இன்னும் இங்கயே இருக்கே" என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்.

ஐசியூவை விட்டு வார்டுக்கு வந்துவிட்டார். குழாயில் இன்னும் வருகிறது, ஆனால் உள்ளே ஒரு பெரிய பகுதி இரைப்பைக்குப் பின்னால் தங்கியிருக்கிறதாம். இப்போது நல்ல சுவர் கட்டியிருப்பதால் எண்டோஸ்கோபி வழியாக இரைப்பையிலிருந்தே ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து வடிக்கலாம் என்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து அறுவை வழியாகப் போவதா, இதுவா என்று அண்ணி கேட்கச் சொன்னாங்க. பித்தப்பையை எப்போது எடுப்பார்கள் என்பதும் தெரியவில்லை.

எண்பார்வை

மிக நல்ல செய்தி. இரண்டு வழியையும் 2018இல் டென்ஷன் ஆய்வு ஒப்பிட்டது, 98 பேர். பெரிய சிக்கலிலும் இறப்பிலும் வேறுபாடு இல்லை. ஆனால் கணைய நீர் தோல் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும் தொல்லை எண்டோஸ்கோபி பக்கம் 5 சதவீதம், அறுவை பக்கம் 32 சதவீதம். இரைப்பையை ஒட்டி இருக்கிறது என்றால் எண்டோஸ்கோபிக்கு வசதியான இடம். ஒரே முறையில் முடியாமல் போகலாம், அண்ணியிடம் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்டென்டை எப்போது எடுப்பார்கள் என்ற தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதிக நாள் உள்ளே விட்டால் ரத்தக் குழாயில் உரசி ரத்தம் வர வாய்ப்புண்டு.

பித்தப்பைக்கு இப்போது அவசரமில்லை. லேசான அழற்சி என்றால் அதே முறை சேர்ந்திருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். இவரைப் போல திசு இறந்தவர்களுக்கு உள்ளே இருக்கும் தேக்கம் அடங்கியபின்தான். ஆனால் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடக் கூடாது, கல் அங்கேயேதான் இருக்கிறது.

இளையவள்

சரி தம்பி. இன்னொன்று, நேற்று மாலையிலிருந்து குழாயில் ஒன்றுமே வரவில்லை. குணமாகிவிட்டதா?

இரவுப்பணி

தங்கச்சி, காலை வரை பொறுக்காதே, இப்போதே வார்டு நர்சைக் கூப்பிடு. நேற்றுவரை வந்துகொண்டிருந்தது ஒரேயடியாக நின்றால் முதலில் அடைப்பு என்றுதான் நினைக்க வேண்டும், அந்தக் கட்டிகள் குழாயில் சிக்கிக்கொள்ளும். உப்புநீர் விட்டுக் கழுவிப் பார்ப்பார்கள், போகாவிட்டால் பெரிய குழாயாக மாற்றுவார்கள். குழாய் மடங்கி அண்ணன் முதுகுக்கு அடியில் அழுந்திக் கிடக்கிறதா என்று நீயும் பார். காய்ச்சல் எவ்வளவு என்று போட்டுவிட்டுப் போ.

இளையவள்

37.2. மடங்கித்தான் கிடந்தது அக்கா. நர்ஸ் வந்து கழுவிவிட்டாங்க, மறுபடி வருகிறது.